மதில் இல்லாத கேட்

அந்தப் படத்தில் நான் எடுக்க நினைத்தது பனியை மட்டும்தான். மார்கழிக் காலை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரிய வேண்டும். அன்று ஏரி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு கொக்குகள். தண்ணீரில் நிற்கின்றனவா, ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. கல்யாணமான நாள் முதல் நானும் ஒரு கலைஞன்தான் என்று மனைவியிடம் நிரூபிக்கச் சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தவன் நான். போனை எடுத்து நாலைந்து படம் தட்டினேன். நன்றாக வந்த ஒன்றின் மேல் மஞ்சள் எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’ என்று பொறித்து, எங்கள் நகர் நலச் சங்கத்தின் போன் குழுவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு லாரி நின்றிருக்கிறது. நான் பார்க்கவேயில்லை. சங்கச் செயலாளர் பார்த்தார். அவர் கணக்குத் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலை வணக்கத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் போடுவார். லாரி பின்பக்கத்தைத் தூக்கி, இடித்த கட்டடக் கழிவை ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. யாரோ கரையை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்து மனை போடப் பார்க்கிறார்கள், சாட்சிதான் இல்லை என்று அவர் மாதக் கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் என் படம் புகார் மனுவோடு போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. நன்றி மறவாத அந்த மனிதர் அடியில், படம் எடுத்தவர் என்று என் பெயரையும் கதவு எண்ணையும் போட்டிருந்தார். மேலே ‘இனிய காலை வணக்கம்’ அப்படியே இருந்தது.

நான் சமூகப் போராளி ஆனது இப்படித்தான்.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. பேசுகிற பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரலை வைப்பேன். வாழ்நாளில் நான் யாரையாவது மிரட்டியிருக்கிறேன் என்றால் அந்த அளவுக்குத்தான். அதற்கே அவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் ஒரே பைக்கில் வந்தார்கள். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மகள் கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். கீல் கிறீச்சிடும் என்று தினமும் திட்டு வாங்குகிற விளையாட்டு.

“போட்டோ எடுக்கிற சார் நீங்கதானே?” என்றான் ஓட்டி வந்தவன்.

அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. “ஆமா,” என்றேன்.

“சூப்பரா கீது சார். பனி, கொக்கு எல்லாம். எங்க ஓனரே பாத்துட்டு சொன்னாரு, இன்னா கண்ணுடா அந்த மனுசனுக்குன்னு.”

“தேங்க்ஸ்.”

“கண்ண பத்திரமா பாத்துக்கோங்க சார். திரும்ப வாங்க முடியாத பொருளு.”

பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் மகள் பக்கம் குனிந்தான். நல்ல சிரிப்பு அவனுக்கு. “பாப்பா அஞ்சாவதுதானே? பச்சை வேனு. வேன் அண்ணன் கொஞ்சம் வேகமா வராரு சார். அந்த வளைவாண்ட ரோடு ஒரே பேஜாரு. சொல்லி வைங்க.”

அப்புறம் தண்ணீர் கேட்டார்கள். நான் உள்ளே போய் இரண்டு டம்ளரில் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜ் தண்ணீரா, சாதாரணத் தண்ணீரா என்று வேறு கேட்டேன். தன்னை மிரட்ட வந்தவர்களைத் தொண்டை கட்டிவிடப் போகிறதே என்று கவலையோடு கவனித்துக்கொண்டவன் செம்பாக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குடித்துவிட்டு டம்ளரை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் கேட்டிலிருந்து இறங்கி, அதைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் தனியாக அந்தக் கேட்டைத் தாண்டவில்லை.

போலீசில் சொன்னோம். அவர்களைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். எச்சரிக்கையை மரியாதையாக வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் நின்று டீ குடித்தார்கள். டீ குடிப்பதைக் குற்றம் என்று சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை. என்னைப் பார்த்தால் கையை உயர்த்தி வணக்கம் வைப்பார்கள். நானும் வைப்பேன். கை அதுபாட்டுக்கு எழும்பிவிடும்.

மகளுக்கு மூலைக் கடைக்குப் போக நான் வேண்டும். பக்கத்துத் தெரு சிநேகிதி வீட்டுக்கு அம்மா வேண்டும். ஒருநாள் பள்ளி வேன் வாசலில் வந்து நின்றபோது எதிரே ஏதோ ஒரு பைக் நின்றிருக்கிறது, அவர்களுடையதுகூட இல்லை. அவள் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வேன் அண்ணன் பாவம், அவளை வைத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டுக் கடைசியில் மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தார். “பாப்பா ஒரு ரவுண்டு ஊர் பாத்துட்டு வந்துச்சு சார்,” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அன்று மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற குரலில் சொன்னாள்: “நான் வெளிநாட்டுக்கு எக்ஸாம் எழுதப் போறேன்.”

“எழுதி?”

“போகப் போறோம்.”

“நான் என்ன பண்ணுவேன் அங்க?”

“இங்க என்ன பண்ற?”

நியாயமான கேள்வி. நான் கொக்கு இருக்கிறதா என்று ஏரிப் பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிந்தைய மாதங்கள் என் நினைவில் எல்லாமே சாயங்காலங்களாகத்தான் இருக்கின்றன. அவள் ஆங்கிலத் தேர்வுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பாள். மகள் என் வயிற்றில் தலை வைத்துப் படுத்திருப்பாள். மீனம்பாக்கத்துக்கு இறங்கப் போகிற விமானங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தூரத்தில் வரிசையாக வரும். நெருங்குவதே தெரியாமல் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று காணாமல் போகும். ஒவ்வொரு விமானமும் எங்கிருந்து வருகிறது என்று நான் அளந்துவிடுவேன். இது பெங்குவின் நாட்டிலிருந்து வருகிறது, பைலட்டுக்கு ஜலதோஷம், அதனால்தான் மூக்கில் சிவப்பு விளக்கு. தாம்பரத்து ரயில்கள் கூவுகிற சத்தம் ஏரியைத் தாண்டி வரும்போது பாதி ஈரமாகிவிடும். வாகைப் பூ வாசனை எங்கிருந்தோ வரும். எங்கள் தெருவில் வாகை மரமே கிடையாது. பயம் என்ற ஒன்று கீழே வாசலில் உட்கார்ந்திருந்ததும், மாடிக்கு மட்டும் அது ஏறி வராமல் இருந்ததும் இப்போது யோசித்தால் நான் கண்ட கனவு மாதிரி இருக்கிறது.

“நாம போற ஊர்ல ஏரி இருக்குமாப்பா?”

“பெருசா இருக்கும்.”

“லாரி?”

“லாரிக்கு அங்க லீவு.”

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊரில் மனைவிக்கு வேலை கிடைத்தது. என்னை அவளோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஆள் என்று விசாவில் பதிந்துகொண்டார்கள். பன்னிரண்டு வருஷமாக இருக்கிற நிலைமைதான். அப்போதுதான் அரசாங்க முத்திரை கிடைத்தது.

நாங்கள் போவது யாருக்கும் தெரியக்கூடாது என்றார் செயலாளர். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே வாரத்தில் நம்பகமான ஆளைக் குடி வைக்கிறேன், அதுவரை காதும் காதும் வைத்த மாதிரி இருங்கள் என்றார். படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியவர் சொன்ன யோசனை. ஆனாலும் சரியான யோசனை. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். எந்தக் கோயில் என்று பேசிக்கொள்ளாமல் விட்டதுதான் வினை.

நான் பெருமாளைக் கும்பிடுகிறவன். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள். என் சாமி பெயரில் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாதா தாயுள்ளம் கொண்டவள், அடுத்த வீட்டுப் பிள்ளையை மன்னிப்பாள் என்ற கணக்கில், தெருமுனையில் துணி தேய்க்கிற அண்ணனிடம் வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்றேன். அதே நேரத்தில் என் மனைவி, மாதா பெயரில் பொய் சொல்லக் கூசி, எதிர்வீட்டு அக்காவிடம் திருப்பதிக்குப் போகிறோம் என்றிருக்கிறாள். தேய்ப்பு வண்டி நிற்பது எதிர்வீட்டு அக்காவின் மதிலோரம்.

சாயங்காலம் அக்கா மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையோடு வந்தார். பின்னாலேயே தேய்ப்பு அண்ணன் ஒரு கட்டு மெழுகுவர்த்தியோடு வந்தார். நாங்கள் நாலு பேரும் ஹாலில் நின்றோம்.

“ரெண்டு இடத்துக்கும் போறோம்,” என்றேன். “முதல்ல வேளாங்கண்ணி.”

“முதல்ல திருப்பதி,” என்றாள் மனைவி, அதே மூச்சில்.

“அது வடக்க, இது தெக்க,” என்றார் அக்கா. “நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க தம்பி.” முடிப்பை என் கையில் வைத்து மூடினார். “பாப்பாவுக்கு காது மூடுற குல்லா எடுத்து வெச்சீங்களா? பாஸ்போர்ட்ட மேல் பையிலயே வெச்சுக்கோங்க. திருப்பதியில கேப்பாங்க.”

தேய்ப்பு அண்ணன் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே, “நான் ஒண்ணும் கேக்கல சார். எங்க போனாலும் ஏத்துங்க,” என்றார்.

மலிவாகக் கிடைத்த நாளில் டிக்கெட் போட்டிருந்தேன். அது எந்த நாள் என்று, வாழ்நாள் முழுக்க தமிழ்நாட்டில் வாழ்ந்த நான் காலண்டரைப் பார்க்கவில்லை. விடியும் முன்பே, தெரு உறங்கும்போதே நைசாகக் காரில் ஏறிவிடலாம் என்பது என் திட்டம். கதவைத் திறந்தால் தெரு முழுக்க நெருப்பு. போகி. வருஷத்தில் எங்கள் தெரு மொத்தமும் இருட்டு விலகும் முன் வாசலில் வந்து நிற்கும் ஒரே நாள். பழைய பாய், பிய்ந்த முறம், உடைந்த நாற்காலி எல்லாம் வீட்டுக்கு வீடு எரிகிறது. பிள்ளைகள் சின்ன மேளத்தை வைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். பனியும் புகையும் கலந்து, நின்ற இடத்திலிருந்து இரண்டு ஆள் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முகங்கள் புகையிலிருந்து முளைத்து, “கிளம்பியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் புகைக்குள்ளேயே போயின. கோயிலுக்குப் போகிறவர்களிடம் எதற்கு ஆறு பெரிய பெட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் கனமான பெட்டியைக் கார் மேலே ஏற்ற முடியாமல் நான் திணறியபோது, மறுபக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து அதை அலாக்காகத் தூக்கி வைத்தன. “தேங்க்ஸ்ண்ணா,” என்றேன்.

“இன்னா சார், இம்மாங் கனம்,” என்றது குரல். “கல்லு கில்லு வெச்சிருக்கியா?”

புகை விலகியது. அந்த நல்ல சிரிப்பு. காலரில் சாம்பல் ஒட்டியிருந்தது. எங்கள் தெருவில் எந்த நெருப்பருகே நின்றிருந்தானோ தெரியவில்லை. கார் கண்ணாடிக்கு உள்ளே என் மகளின் தலை மெல்லக் கீழே இறங்கி மறைந்தது.

“கோயிலுக்கு,” என்றேன்.

“தெரியும் சார். மெதுவா வாங்க. அவசரமே இல்ல.” கதவை அவனே சாத்தினான். நான் வழக்கம்போல வணக்கம் வைத்தேன்.

கேம்ப் ரோடு, தாம்பரம், குரோம்பேட்டை எதுவும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடங்களில் புகைதான் இருந்தது. சிக்னல் விளக்குகள் மட்டும் நூல் இல்லாத பட்டம்போல் மிதந்தன. முப்பத்தெட்டு வருஷம் திரிந்த ஊர், விடைபெற முகம் காட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன். காரில் இருந்த எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டார்கள். மஞ்சள் முடிப்பைக் காரோட்டி அண்ணன் வாங்கிக்கொண்டார். அவர் உண்மையாகவே தை மாதம் திருப்பதி மலைக்குப் போகிறவர். மெழுகுவர்த்தி விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த மாமியாரிடம் போனது.

புகையால் விமானம் தாமதம். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்.

“நாம எங்க போறோம்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?”

“கோயிலுக்குப் போறோம்னு நினைச்சிட்டு இருக்கான்.”

“அங்க வந்து தேடினா?”

“திருப்பதியிலயா? தேடட்டும். க்யூவுல நின்னா சாயங்காலம் ஆயிடும்.”

அவள் உதட்டோரத்தில் ஏதோ வந்தது. முழுச் சிரிப்பாகவில்லை.

புது ஊரில் நிலா தலைகீழாக இருந்தது. நான் விட்ட கதைகளில் இல்லாத விஷயம், நிஜமாகவே அப்படி. முயல் படுத்திருக்கிற பக்கம் மாறியிருந்தது. ஜனவரியில் வெயில், சாப்பிட்டு முடித்து வெகுநேரம் ஆகியும் வெளிச்சம் போக மனமில்லாமல் புல்லில் உட்கார்ந்திருந்தது. தூரத்தில் மலை, அதன் உச்சியில் கோடையிலும் கரையாத வெள்ளைத் துண்டு. தெருவில் யாரும் இல்லை. இருந்தவர்களும் தூக்கத்தில் நடப்பதுபோல் புன்னகைத்துக்கொண்டு போனார்கள். இவ்வளவு அழகுக்கு நடுவில் என் மகள் வாசற்படியில் நின்று கேட்டாள்:

“கேட் எங்கப்பா?”

கேட் இல்லை. மதில் இல்லை, வேலி இல்லை. எங்கள் புல்தரை அப்படியே நடைபாதையில் போய் முடிந்தது. யாருடைய வீடு எங்கே முடிகிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. செம்பாக்கத்தில் கேட்டுக்கு உள்ளே என்று அவளுக்கு ஓர் இடமாவது இருந்தது. இங்கே அதுவும் போயிற்று. வாசற்படியோடு நின்றுகொண்டாள். பள்ளிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு போவாள், அதே கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். உலகத்தின் மறுகோடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து அவளுடைய எல்லையைப் பத்தடி சுருக்கியிருந்தோம்.

“டைம் குடு,” என்றாள் மனைவி. எனக்குக் கொடுக்க முடியவில்லை. என்னிடம் இருந்தது வேலை இல்லாத பகல்கள் மட்டும். அதனால் நான் ஒரு கேட் செய்தேன்.

மரம் வாங்கினேன், கீல் வாங்கினேன். ஆணி அடிக்கும்போது என் கட்டைவிரலும் நடுவில் வந்து வந்து போனது. துளை போடும் மெஷினைக் கடன் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, தன் கொழுத்த நாயோடு வந்து நின்று, வேலி எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். வேலி வராது என்றேன். கேட் மட்டுமா என்றார். கேட் மட்டும் என்றேன். என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொண்டு அன்பாகத் தலையாட்டினார். நாய் கேட்டின் இடப்பக்கமாக உள்ளே வந்து, என்னை மோந்து பார்த்துவிட்டு, வலப்பக்கமாக வெளியே போனது.

இப்படியாக அந்த அகன்ற புல்வெளியின் நடுவில், இரண்டு கம்பங்களுக்கு இடையே, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கேட் தனியாக நின்றது. காலைப் பனியில் பார்த்தால் மீதி வீட்டை எங்கோ தொலைத்துவிட்டு வந்தது மாதிரி இருக்கும். கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயின. மனைவி டியூட்டி முடிந்து முதல் தடவை அதைப் பார்த்தபோது கம்பத்தை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். பிறகு, தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே வந்து, மறுபடி சாத்தினாள். அவளை நான் ஏன் கல்யாணம் செய்துகொண்டேன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மகள் அன்றே கேட் வரைக்கும் வந்தாள். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். மறுநாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் அங்கே போய் நிற்பது வழக்கமாயிற்று. மேல்சட்டத்தில் முகவாயை வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். தபால்காரரைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு நாய் கேட்டின் அந்தப் பக்கமாக வந்து நின்று அவளைப் பார்க்கும். சுற்றிக்கொண்டு வர ஒரு முழம் நடந்தால் போதும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஏதோ மரியாதைக்காகச் சட்டங்களின் இடைவெளி வழியாகவே பேசிக்கொண்டார்கள். இலைகள் பழுத்துச் சிவந்து, கேட்டைச் சுற்றி விழ ஆரம்பித்தன.

ஒரு மத்தியானம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மகள் புல்லில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்தாள். நிற்கவில்லை. அதைத் தொடவும் இல்லை. கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி, மதில் இருக்க வேண்டிய இடத்தின் வழியாக நடைபாதையில் இறங்கி, தெருமுனைக் கடை இருக்கும் பக்கம் திரும்பினாள். நாய் கூடப் போனது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கேட்டுக்கு வந்து தாழ்ப்பாளைத் தூக்கினேன். நான் செய்த தாழ்ப்பாள். ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. ஆட்டினேன், இழுத்தேன், தோளால் முட்டினேன். அவள் வளைவில் மறைந்துகொண்டிருந்தாள்.

இரவு டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “பால் தீந்துடுச்சாம். போயிட்டு வரேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறா.”

“தனியா போறா.”

“தெரியும். அந்தப் பக்கமா சுத்திப் போயேன், சுவரா இருக்கு?”

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஆனால் நான் போகவில்லை. கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெங்காயக் கண்ணோடு அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரு வெறுமையாக இருந்தது. ஒரு இலை விழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வளைவில் முதலில் நாய் வந்தது. அப்புறம் அவள், பால் பாட்டிலை வீசி வீசி ஆட்டிக்கொண்டு, தானாக எதையோ பேசிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“ஏம்ப்பா உள்ளயே நிக்கிற?”

“கேட் திறக்கல.”

என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பாட்டிலைக் கேட்டுக்கு மேலாக என் கையில் கொடுத்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் புல்தரைக்குப் போய்விட்டாள்.